சீப்புக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஓட்டு எண்ணும் அதிகாரி, அவருக்கு உதவியாக ஒரு டீச்சர், எங்கள் ஊர் கவுஞ்சியில் வார்டு மெம்பருக்கு நின்ற என் மதினி ராசாத்தி, எதிர்த்து நின்ற பூங்கோதையக்காவின் வீட்டுக்காரர் கருப்பையா அண்ணன், மதினியின் ஏஜென்டாக நான். இத்தனை சாட்சிகளை வைத்துக்கொண்டு மானம் போனவர்கள் எங்கள் மலையில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஐந்து வருசம் பூண்டுக் காட்டில் களையெடுத்த பிறகு, பத்தாவதைத் தனியாக எழுதலாம் என்று கொடைக்கானலில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். விவரம் தெரிந்து ஓட்டுப் போடணும், சொந்தபந்தம் பார்க்கக் கூடாது என்று அங்கே சமூக அறிவியல் சார் சொன்னார். மற்றவர்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். நான் தூக்கம் கெட்டேன். (என் தூக்கம் கெட இவ்வளவு பெரிய விசயமெல்லாம் வேண்டாம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்பதே போதும்.)

நோட்டும் பேனாவுமாகப் போய் இரண்டு வேட்பாளர்களிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: மேலத்தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏற மாட்டேன் என்கிறது? பூங்கோதையக்கா எந்த வால்வு பழுது, யாரிடம் மனு கொடுக்கணும் என்று கால் மணி நேரம் விளக்கினார். மதினியோ, மொதல்ல ஜெயிக்கட்டும், நீ போயி வெரசா அரிசியக் களைஞ்சு வையி என்றார்.

விவரம் தெரிந்த வாக்காளர் வேறென்ன செய்வாள்? மதினியின் பூட்டுச் சின்னத்தை விட்டுவிட்டுப் பூங்கோதையக்காவின் சீப்புச் சின்னத்தில் முத்திரை குத்தினேன். குத்தியதும் பயம் வந்தது. ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் கையெழுத்து இல்லாத காகிதத்தைத் திருப்பி வீசுகிறார்களே, இது மட்டும் எப்படிச் செல்லும்? பேனாவை எடுத்து, சீப்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக, என் கையெழுத்தைப் போட்டேன். அழகாக விழுந்தது.

கொடைக்கானலில் ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு மதினி என்னை வெள்ளனே எழுப்பிவிட்டார். படித்த பிள்ளை நான்தானாம், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

எண்ணும் முன் அதிகாரி விதியைச் சொன்னார். போட்டது யாரென்று தெரிகிற மாதிரி சீட்டில் பேரோ கையெழுத்தோ இருந்தால் அந்த ஓட்டு செல்லாது. நான் பேனாவை மெல்ல மறைத்தேன்.

என் சீட்டைச் சந்தேகத்துக்குரியது என்று ஓரமாக வைத்தார்கள். மற்றதெல்லாம் எண்ணி முடித்தபோது மதினி ஒரே ஒரு ஓட்டு முன்னால். பாக்கி அந்த ஒற்றைச் சீட்டுதான். அது செல்லும் என்றால் இருவரும் சமம், குலுக்கல் போடணும்.

கருப்பையா அண்ணன் விடவில்லை. "சார், முத்திரை சீப்புல தெளிவாக் கெடக்கு. இதெல்லாம் கையெழுத்தாங்க? பேனா எழுதுதான்னு எவனோ கிறுக்கிப் பாத்திருக்கான்."

(அண்ணே, மூன்று மாசம் பழகிய கையெழுத்து அது.)

அதிகாரியும் தலையாட்டுகிற மாதிரி இருந்தது. மதினி என் விலாவில் இடித்தார். "வாயில என்ன கொழுக்கட்டையா? ஏதாச்சும் சொல்லு புள்ள."

சும்மா இருந்தால் நான் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு, என் குட்டும் வெளிப்படாது. வாயைத் திறந்தால் மதினி மெம்பர், நான் துரோகி. நியாயத்துக்குக் கட்டுப்பட்டுப் பேசினேன் என்று எழுத ஆசைதான். வாசலில் நின்ற போலீஸ்காரருக்குப் பயந்துதான் பேசினேன்.

"கிறுக்கல் இல்லைங்க சார். என் கையெழுத்துங்க."

டீச்சர் என் ஏஜென்ட் பாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக ஒன்றேதான். செல்லாது என்றார் அதிகாரி. மதினி ஒரு ஓட்டில் ஜெயித்தார். ஆனால் மாலையைக்கூடக் கவனிக்காமல் என்னையே பார்த்தார்.

"சீப்புலயா குத்துன?"

"ஆமா மதினி."

ஊர் திரும்பும் ஜீப்பில் ஏறினோம். இனி மதினி வீட்டில் எனக்குச் சோறு உண்டா, எந்த பஸ்ஸில் ஏற்றித் துரத்திவிடுவார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பூம்பாறை தாண்டியதும் மதினி மெதுவாகக் கேட்டார்: "அந்த வால்வு எங்கன இருக்குன்னு சொன்னா அவ?"

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாசத்தில் மேலத்தெருவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது.

இப்போதும் விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் மதினி காபி கொடுப்பதில்லை. மறுபடியும் நிற்கப் போகிறாராம். போன வாரம் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது என் தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"ஒனக்கு யாரப் பிடிக்குதோ அவுகளுக்கே குத்துத்தா. கையெழுத்துப் போட மட்டும் மறந்துராத."