ஜார் வீட்டுச் சம்பந்தம்

திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு ரஷ்ய ராஜாவான ஜாரின் குடும்பத்துச் சம்பந்தம் பேசிய கல்யாணத் தரகர் உலகத்திலேயே ஒருவர்தான். நாங்கள் அவரை ஜார் தரகர் என்போம். அந்த ராஜாக்கள் ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்றே என்று மடக்கினால், "அதுக்கின்னாங்க? அந்தம்மா இப்பதான பேசிக்கினு இருந்தாங்க" என்று பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டுவார். சிரிப்பும் வரும், முதுகில் என்னவோ ஊரவும் செய்யும்.

அந்தம்மா என்பது ஒரு ரஷ்யப் பிரபு வீட்டுப் பெண். ஜார் குடும்பத்து இளவரசன் ஒருவன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டானாம். அவளுக்கு ராஜ ரத்தம் இல்லை என்பதால் கல்யாணம் செல்லும், பட்டம் செல்லாது. விருந்தில் புருஷன் ராஜா பக்கத்தில் உட்காருவான், இவள் கடைசி வரிசையில். அவன் செத்ததும் அதே குடும்பத்தில் இன்னொருத்தனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள்.

"ரெண்டாவது வாட்டி அந்தம்மாவ யாரும் ஒரு வார்த்த கேக்கலீங்க. அந்தக் கோவம் இன்னும் ஆறல. அதான் அலைஞ்சிக்கினு இருக்காங்க" என்பார்.

ரஷ்யாவில் அலையாமல் மயிலம் ரோட்டில் ஏன் அலைகிறாள் என்று கேட்டேன்.

"அங்க இன்னா குளிரு தெரியுமா?" என்றார்.

எந்த வீட்டில் சம்பந்தம் பேசினாலும் தனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போடச் சொல்வார். நிச்சயத் தட்டு மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கம் காதைச் சாய்ப்பார். பிறகு, "பொண்ண கேட்டீங்களான்னு கேக்கறாங்க" என்பார். கேட்டாக வேண்டும். கேட்காமல் தட்டைத் தொட விடமாட்டார்.

ஒலக்கூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டில் ஜார் வீட்டுச் சம்பந்தத்தைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா, பெண் வீட்டார் மிக்ஸி ஜார் வியாபாரம் செய்கிறவர்கள் என்று நினைத்துவிட்டார். "அப்ப சீர்ல மிக்ஸி நல்லதா பாத்துப் போட்டுடுவாங்க" என்று பூரித்துப்போனாராம். தரகர் பதறிவிட்டார். "மெதுவா பேசுங்க, அந்தம்மா காதுல வுழுந்தா பேஜாரு!" அந்த நேரம் பார்த்து, சமையலறையில் யாரும் தொடாத மிக்ஸி தானாக ஓடியது. கரண்ட் போயிருந்த நேரம் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள்.

இதையெல்லாம் ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். எங்கள் அக்கா விஷயம் வரும்வரைக்கும்.

அக்காவை வல்லத்தில் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் பைக் விபத்தில் போய்ச் சேர, விழுப்புரத்தில் எங்களோடு வந்து இருந்தாள். ஒரு நாள் அவள் மாமியார் வந்து, "எங்க வூட்டு வெளக்கு எங்க வூட்லயே எரியட்டும். சின்னவனுக்கே முடிச்சிடலாம்" என்றார். சின்னவன் என்றால் அக்காவின் கொழுந்தன். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. அக்கா வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஊர் வழக்கத்துக்காக ஜார் தரகரைக் கூப்பிட்டோம். சித்திரை மாதப் பகல், மின்விசிறி அனலை வாரி இறைத்தது. அக்காவின் மாமியார் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போல் காலி நாற்காலி போட்டாயிற்று. அம்மா தட்டைத் தூக்கினாள். தரகர் காதைச் சாய்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. அழுவறாங்க."

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கும் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் அழுகிற சத்தம். மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். அக்காவாகத்தான் இருக்கும் என்று ஓடிப்போய் உள்ளறைக் கதவைத் திறந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் காய்ந்து கிடந்தன.

"ஏன்க்கா அழுவற?"

"நான் எங்கடா அழுவறேன்? சத்தம் அங்கேர்ந்துதான வருது?" என்று கூடத்தைக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து, அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"எனக்கு இது வேணாம்மா. அவன் எனக்குத் தம்பி மாதிரி. என்னை ஒருத்தரும் கேக்கவே இல்லியே."

அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா தட்டைக் கீழே வைத்தாள். மாமியார் வீட்டார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

தரகர் விடைபெற்றபோது அக்கா வாசல்வரை போனாள். "அந்தம்மா நல்லா இருக்கணும்னு நான் சொன்னதா சொல்லிடுங்க ஐயா."

"நீயே சொல்லும்மா. உன் தோள் மேலதான கைய வச்சிக்கினு நிக்கறாங்க."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தோளையும் அசைக்கவில்லை.

போன மாசியில் ஜார் தரகர் மாரடைப்பில் போய்விட்டார். சேதி தெரிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன். அன்று எங்கள் கூடத்தில் அழுதது யார் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டு வாசலில் வாய்விட்டு அழுதது எங்கள் அக்காதான். அவளைத் தேற்றத்தான் பக்கத்தில் போனேன், என்னால் முடியவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.