நூத்தைம்பதுக்கு எத்தனை அடி?

"இங்கன ரூம் போட்டா கட்டில் உள்ள இருக்கும், தொட்டில் வெளிய தொங்கும். பரவால்லையா?" என்று கொத்தனார் மாரிசாமி கேட்டதும் சங்கிலிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மகள் ஓவியாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளையோடு வந்து தங்க ஒரு ரூம் வேண்டும். அதற்காகச் சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனியில் லீவு போட்டு, சிமெண்டும் இறக்கியாகிவிட்டது. இப்போது வந்து வீட்டுக்குக் கிழக்கே இடமில்லை என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் வயிறு எரியாது? மனைவி வள்ளித்தாயும் மகளைப் பார்க்க விஸ்வநத்தம் போயிருந்தாள். அவள் இருந்தாலாவது அவளைத் திட்டியிருக்கலாம்.

"தாத்தன் காலத்து இடம்யா! எங்க போகும்?"

பீரோவிலிருந்து பழைய நில வரைபடத்தை எடுத்தார். கிழமேல் கோட்டின் மேல் 150 என்று போட்டிருந்தது. 150 என்ன என்று போடவில்லை. டேப் அடியைக் காட்டுவதால் அதுவும் அடிதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். மேற்கு எல்லைக்கல்லிலிருந்து பிடித்தார்கள். கிழக்கே பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டியின் பாத்ரூம் சுவர் வரை தொண்ணூறுதான் வந்தது.

"அறுபது அடி! முழுசா முழுங்கியாச்சு!"

சத்தம் கேட்டுப் பாதிச் சவரத்தோடு செல்லப்பாண்டி ஓடி வந்தார்.

"மாமா, உங்க பாத்ரூம், அடுப்படி, பூசையறை எல்லாம் என் நிலத்துல இருக்கு."

"அப்ப நான் இம்புட்டு வருசமா யாரு வீட்டுலய்யா குடியிருக்கேன்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்!"

எதிர்வீட்டு முனியராஜ் சமாதானம் பேச வந்தான். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை. நல்ல பையன்தான், ஆனால் கையில் போன் வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, சர்க்கார்ல இப்ப எல்லாமே மீட்டர்தான். நூத்தைம்பது மீட்டர்னா..." தட்டிப் பார்த்தான். "நானூத்தித் தொண்ணூத்திரெண்டு அடி."

சங்கிலிமுத்துவுக்குத் தலை சுற்றியது. இவ்வளவு பெரிய திருட்டை ஒற்றை ஆளாகச் செல்லப்பாண்டி செய்திருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. டேப்பை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். செல்லப்பாண்டி வீட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ரோட்டையும் தாண்டியது அளவு. அவர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் போய் நின்றது.

"இவுகளுமா!" என்று நெஞ்சில் கைவைத்தார்.

போர்மேன் சீனிவாசகம் வெளியே வந்தார். "என்னலே, ரூம் கட்டத்தானே லீவு கேட்ட? இங்கன என்ன அளக்குற?"

"சார், இந்தக் கேட்டு என் இடத்துல இருக்கு."

"அப்படியா? அப்ப நீதான் முதலாளி. முதலாளி எதுக்கு வேலைக்கு வரணும்? நாளையில இருந்து வரவேணாம்."

போன இடத்தில் வேலையையும் விட்டுவிட்டு வந்த மனுசனைப் பார்த்துத் தெரு சிரித்தது. சிரித்தவர்களில் பிளாட் போட்டு விற்கும் பாண்டிராஜும் ஒருவன். வரைபடத்தை வாங்கிப் பார்த்தான்.

"அடியும் இல்ல, மீட்டரும் இல்ல அண்ணாச்சி. இது லிங்க். அந்தக் காலத்துல சர்வேக்காரங்க இரும்புச் சங்கிலி போட்டு அளப்பாக. நூறு லிங்க் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. உங்க நூத்தைம்பதுக்குத் தொண்ணூத்தொம்பது அடி."

"ஒம்பது அடிக்கா மாப்ள இம்புட்டு ஆட்டம்?" என்றார் செல்லப்பாண்டி.

"ஒம்பது அடின்னா சும்மாவா? என் பேரப்பிள்ள தொட்டில் மாமா அது! களவுல சின்னக் களவு, பெரிய களவு இருக்கோ?"

களவு என்ற சொல் செல்லப்பாண்டியைச் சுட்டுவிட்டது. டேப்பைப் பிடுங்கிக்கொண்டு எல்லைக்கல்லுக்குப் போய்த் தானே அளந்தார். தொண்ணூறு. நம்பாமல் மறுபடியும் அளந்தார். அதே தொண்ணூறு. முகம் செத்துப்போனது. வீட்டுக்குள் போனவர் கடப்பாரையோடு வந்தார்.

"அடுத்தவன் மண்ணு ஒரு பிடி எனக்கு வேணாம்யா!"

சங்கிலிமுத்துவே பயந்துபோனார். "மாமா, இருங்க, பேசிக்கிடுவோம்."

"களவாணிப் பட்டம் கட்டிட்டு என்னய்யா பேச்சு?"

முதல் அடியில் பாத்ரூம் சுவர் விரிந்தது. அடுத்ததில் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி, வேடிக்கை பார்த்தவர்களையும் குளிப்பாட்டியது. செல்லப்பாண்டியின் மனைவி அய்யம்மாள் வாளியைத் தூக்கித் தெருவில் எறிந்து, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துச் சாபம் விட்டாள். சாயங்காலத்துக்குள் பாத்ரூம் இருந்த இடம் செங்கல் குவியலானது. மாரிசாமி அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

அந்த நேரத்தில் ஆட்டோவிலிருந்து வள்ளித்தாய் இறங்கினாள். குவியலைப் பார்த்தாள். அதன் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த செல்லப்பாண்டியைப் பார்த்தாள்.

"என்னங்க இது? அண்ணன் வீட்டுல என்ன இடி விழுந்துச்சா?"

"நம்ம ஒம்பது அடியை மீட்டுட்டேன் வள்ளி! வேலை போனாப் போகுது, நியாயம் ஜெயிச்சிருச்சு. அந்தா, அந்தக் கல்லுல இருந்து டேப்பு பிடிச்சு ஊரறிய அளந்தாச்சு."

வள்ளித்தாய் கல்லைப் பார்த்தாள். அதற்கு மேற்கே மண்டிக் கிடந்த கருவேல முள்ளைப் பார்த்தாள். கையிலிருந்த பை நழுவியது.

"அட கூறுகெட்ட மனுசா, இந்தக் கல்லுல இருந்தா அளந்தீக? பொங்கலுக்கு அடுப்புக்கல்லு ஒண்ணு குறையுதுன்னு அந்த முள்ளுக்குள்ள இருந்து நான்தானே இதைப் பிடுங்கிட்டு வந்தேன்... திரும்ப அந்த ஒம்பது அடி யாரு தூக்குறதுன்னு இங்கனயே ஊண்டிட்டேன்!"