காரணம் சாரும் உடைந்த லைனரும்

மைக்ரோமீட்டர் மூன்றாவது தடவையும் அதையே காட்டியது. தேய்மானம்: பூஜ்யம்.

"நல்லா பிடிச்சீங்களா?" என்றார் காரணம் சார்.

"பிடிச்சேன் சார்," என்றார் செகண்ட் இன்ஜினியர். அவர் கப்பலில் ஏறியதே இன்று காலையில்தான். இன்ஜின் அறையின் பழைய ஆட்கள் மொத்தமாக இறங்கிப் போய்விட்டார்கள்.

காரணம் சார் என்பது அலுவலகம் வைத்த பெயர். எது உடைந்தாலும் ஏன் உடைந்தது என்று எழுதுவது அவர் வேலை. கடைசி இரண்டு அறிக்கையிலும் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். இப்போது இந்த இன்ஜினின் லைனர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்பு உருளை, உடைந்துவிட்டதாகத் தகவல். மேனேஜர் அவர் மனைவியின் அண்ணன். காலையிலேயே போனில் எச்சரித்திருந்தார்.

"மாப்ளே, அஞ்சு மணிக்குள்ள காரணம் வேணும். இதுலயும் தெரியலைன்னு எழுதினீங்க, தங்கச்சி புருஷன்னுகூடப் பார்க்க மாட்டேன். ஸ்டோர்ல பெயின்ட் டப்பா எண்ணிக்கிட்டிருப்பீங்க."

காரணம் சார் உருளைக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தார். குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள்.

"கீறல்! பார்த்தீங்களா?"

"அது கம்பெனியிலேயே போடுற கோடு சார். எண்ணெய் நிக்கிறதுக்கு."

"தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

தலையை எடுத்தபோது மூக்குக் கண்ணாடி உள்ளே விழுந்தது. அதை எடுக்க அரை மணி நேரம்.

சூட்டில் கருவி விரிந்திருக்கும் என்று தோன்றியது. பெட்டியோடு கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜில் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கருவியை மட்டும் எடுத்து வந்தால், பனி பூத்து எண்ணே தெரியவில்லை. துடைத்தார். தெரிந்தது. பூஜ்யம்.

விரிசலாவது இருக்கும் என்று சிவப்புச் சாயம் அடித்தார். விரிசல் இருந்தால் சாயம் காட்டிக்கொடுக்கும். அது சட்டையைத்தான் காட்டிக்கொடுத்தது.

கருவி சரி. லைனர் சரி. இந்த அறையில் பழுதான உதிரிபாகம் நாம்தானோ என்று ஒரு கணம் நினைத்தார். அதை அறிக்கையில் எழுத முடியாது.

மணி நாலரை.

"தேயலை. விரிசலும் இல்ல. அப்படின்னா?"

செகண்ட் இன்ஜினியர் தயங்கினார். "அப்படின்னா... உடையலை சார்."

காரணம் சாருக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. சாயச் சட்டை தடுத்தது.

எழுதினார்: 'லைனர் உடையவே இல்லை. உடைந்ததாகச் சொன்னது பழைய ஊழியர்களின் கட்டுக்கதை. அவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும்.' அனுப்பினார்.

பத்தே நிமிடத்தில் போன்.

"பிரமாதம் மாப்ளே! முதலாளிக்கே நேரா அனுப்பிட்டேன். பழைய ஆளுங்க அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போயாச்சு."

வாழ்க்கையில் முதல்முறையாகக் காரணம் சார் காரணமே இல்லாமல் சிரித்தார்.

அப்போது சமையல்காரர் படியிறங்கி வந்தார். கையில் கிரீஸ் வடியும் மைக்ரோமீட்டர் பெட்டி.

"இதைத் தயிருக்குப் பக்கத்துல வெச்ச மகராசன் நீங்கதானா?"

"மன்னிச்சுக்கங்க. ஆராய்ச்சிக்காக..."

"அது போகட்டும் சார். வந்ததுதான் வந்தீங்க, நேத்து பழைய ஆளுங்க இந்த இன்ஜின்ல புதுசு மாட்டிட்டு, ரெண்டா பொளந்த பழைய லைனரைக் கொண்டாந்து என் அடுப்படிப் பின்வாசல்ல போட்டுட்டாங்க, கதவே திறக்க முடியலை, அதையும் தூக்கிட்டுப் போயிடுங்க."