ஆஷ்ட்ரே மூடி மட்டும் பாக்கி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் மூட்டுவலியும் நலம், ஷெட்டில் நிற்கும் உன் அக்காவின் வண்டி நலமாகிக்கொண்டு வருகிறது. அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம்தானே? போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இந்த மனுஷர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், "என்ன அத்தான், வண்டி ரெடியா? இந்த லீவுல வந்து எடுத்துட்டுப் போயிடவா?" என்று. "அடுப்புல பால் வச்சிருக்கேன் மாப்ள" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உண்மையில் அடுப்பில் பால் இல்லை. உன் அக்கா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோதே வண்டி தம்பிக்கு என்று சொல்லிவிட்டாள், நானும் தலையை ஆட்டினேன், அதில் எனக்கு ஒரு மறுப்பும் கிடையாது. எனக்கு ஓட்டவும் தெரியாது. இரண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் கல்யாணமான நாளிலிருந்து நான் பக்கத்து சீட்டுக்காரன். ஆனால் வண்டியை முழுசாக்கித்தான் கொடுப்பேன் என்று அன்றைக்கே சொன்னேன் இல்லையா? காலமெல்லாம் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுத்துப் பிழைத்தவன் வீட்டிலிருந்து ஒரு வண்டி பொக்கை வாயோடு போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அந்த வேலை ஏன் இன்னும் முடியவில்லை என்பதைத்தான் விவரமாக எழுதப்போகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து படி.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் இன்னும் உங்களையும் என்னையும் பார்த்துட்டுதான் போகும் சார், பிளாஸ்டிக்குதான் ஆயுசு முடிஞ்சுபோச்சு" என்றார். சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார், கைப்பிடியைச் சுற்றியிருந்த சட்டம் முட்டை ஓடு மாதிரி நொறுங்கி அவர் கையோடு வந்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலை சார்" என்று பரிதாபமாக நின்றார். வெயிலில் வெந்த பிளாஸ்டிக், தும்மினால் உடைகிறது. கண்ணாடி சுவிட்சின் மூடி, கதவுச் சட்டம், ஓட்டுகிறவர் பக்கம் ஏசி காற்று வரும் அந்தச் சின்ன ஜன்னல், எல்லாம் போயாச்சு. வண்டியைச் செய்த கம்பெனி இதையெல்லாம் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாகிறது. பழைய சாமான் கடைக்காரர் நான் காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டியா? இதை நான் காலண்டர்லதான் சார் பார்த்திருக்கேன்" என்று கை விரித்துவிட்டார்.

சரி, கம்ப்யூட்டரை வைத்து பிளாஸ்டிக் சாமானை அச்சடித்துத் தருகிற கடை ஒன்று கடைத்தெருவில் இருக்கிறதே என்று அங்கே போனேன். மாதிரி வேண்டும் என்றார் அந்தக் கடைக்காரர். என் பக்கத்து ஏசி ஜன்னல் நல்லபடியாக இருந்ததால் அதைப் பூப்போலக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அச்சு அசலாக ஒன்று அடித்துக் கொடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து மாட்டப் பார்த்தால் உட்காரவே மாட்டேன் என்கிறது. அமுக்கினேன், தட்டினேன், கெஞ்சினேன். இன்னொன்று அடிக்கச் சொன்னேன், அதற்கும் அதே பிடிவாதம். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. டாஷ்போர்டின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்காது மாப்பிள்ளை, ஒன்றுக்கொன்று திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். இடது கடைவாய்ப் பல்லை வலது பக்கம் வைத்தால் உட்காருமா? பல்செட்காரன், எனக்கா இது தெரியாது? ஆனால் பார், அந்த வண்டியில் எனக்குத் தெரிந்த இடமெல்லாம் என் பக்கம் மட்டும்தான். இப்போது என் பக்கத்துக்கு மூன்று இருக்கின்றன, அவள் பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு என் சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே அதைத் திருப்பிப் போட்டு அடித்துக் கொடுத்தார், அது கச்சிதமாகப் பொருந்தியது. வண்டிக்கும் காற்று வேண்டும் என்று அதை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து வந்து பார்த்தால், ஏசி ஜன்னல் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறது. உருகிவிட்டது! கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "வெயில்ல ஏன் சார் வச்சீங்க?" என்றார். "காருங்க இது. வெயில்ல நிக்காம பின்ன பீரோவுலயா வைப்பாங்க?" என்று கத்திவிட்டேன். அவர் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, "டீ சாப்பிடறீங்களா சார்?" என்றார். சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பேச்சுத்துணை அதுதான், கோபித்துக்கொண்டு வந்திருந்தால் நஷ்டம் எனக்குத்தான்.

போதும் இந்த வம்பு, நம் கைத்தொழில் இருக்க அடுத்தவன் கையை ஏன் எதிர்பார்க்க வேண்டும் என்று பரணிலிருந்து என் பழைய சாமான்களை இறக்கினேன். பல் போன வாய்க்கு என்ன செய்வோமோ அதுதான் இதற்கும். ஓட்டையில் மாவை வைத்து அச்சு எடுத்து, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து மெழுகில் செதுக்கி, அதை வார்த்து எடுக்க வேண்டியதுதானே? மாவைக் குழைத்து ஓட்டையில் வைத்து அமுக்கும்போது, பழக்க தோஷம், "நல்லாத் திறங்க, மூக்கால மூச்சு விடுங்க, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று டாஷ்போர்டிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மாடி வீட்டு அம்மா துணி உலர்த்த இறங்கி வந்தவர் ஷெட் வாசலில் நின்றுகொண்டு, "உள்ள யாரு சார் இருக்காங்க?" என்று கேட்டார். "யாரும் இல்லைம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசும்போதெல்லாம் குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். நானும் விட்டுவிட்டேன், பேசுகிறாரே!

வார்ப்பதற்கு என்னிடம் இருந்தது பல்செட்டுக்கான பொடி. அது என்ன நிறம் என்று உனக்குத் தெரியும், ஈறு நிறம். மாட்டினேன். அடடா, இம்மி பிசகவில்லை! பளபளவென்று ஈறு தெரிய டாஷ்போர்டு என்னைப் பார்த்து இளிக்கிறது. சிரிப்பு தாங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஓட்டுகிற சீட்டுப் பக்கம் திரும்பி, "பாத்தியா, உன் வண்டிக்கு ஈறு முளைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன். சீட்டில் என் ஸ்குரூடிரைவர்தான் கிடந்தது. சிரிப்பு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. தனியாகச் சிரிப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை மாப்பிள்ளை. அப்புறம் அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். அதே வழியில் கதவுச் சட்டமும் சுவிட்ச் மூடியும் ஆகிவிட்டன.

இப்போது பாக்கி ஆஷ்ட்ரே மூடி ஒன்றுதான். யாருமே சிகரெட் பிடிக்காத வண்டிக்கு ஆஷ்ட்ரே மூடி எதற்கு என்று அலட்சியமாக நினைக்காதே. உன் அக்கா அதில் பெப்பர்மின்ட் வைத்திருப்பாள். அவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு நான் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவேன். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மூடியைத் தட்டித் திறந்து ஒன்றை எடுத்து என் வாயில் திணித்து, "இதைச் சப்பிக்கிட்டு சும்மா வாங்க" என்பாள். அந்த மூடி திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பார், அது நான் செய்கிற எதிலும் வரமாட்டேன் என்கிறது. ஒன்று 'பொத்' என்கிறது, ஒன்று பேசவே பேசாமல் திறக்கிறது, இன்னொன்றின் ஸ்பிரிங் பறந்துபோய் மாடி வீட்டு அம்மா காயப்போட்ட துணியில் மாட்டிக்கொண்டது. ஆகவே இந்த லீவுக்கு நீ வர வேண்டாம். அவசரப்பட்டு அரைகுறையாகக் கொடுக்க எனக்கு மனசில்லை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி மூடி என்னாச்சு என்று கேள், நிலவரம் சொல்கிறேன். நீ போன் பண்ணுவாய் என்று சனிக்கிழமையே ஷேவ் செய்துகொண்டுவிடுகிறேன், போனில் முகம் தெரியாது என்று தெரிந்துதான் செய்கிறேன்.

உன் மனைவியை நான் ரொம்பக் கேட்டதாகச் சொல். உன் பெண்ணுக்கு முன்பல் ஆடுகிறதாமே, அது தானாக முளைக்கும், மாமா செய்து தர வேண்டியதில்லை, பயப்படாதே என்று சொல். எல்லோரும் பல்லும் சொல்லும் ஆடாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. மேலே மூடியைப் பற்றி எழுதியதெல்லாம் பொய். அது உடையவே இல்லை. நான் எதையும் செய்து பார்க்கவும் இல்லை, ஸ்பிரிங் எங்கும் பறக்கவும் இல்லை. நீ வரட்டுமா என்று கேட்ட அன்று வண்டி முழுசாகத் தயாராக நின்றது. பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போய், மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் பையில்தான் இருக்கு, பெப்பர்மின்ட் வாசனை இன்னும் போகலை. வண்டி போயிடுச்சுன்னா அப்புறம் நீ என்ன கேட்டு எனக்குப் போன் பண்ணுவியோன்னு பயமா இருந்தது மாப்ள, வேற ஒண்ணும் இல்லை. நீ லீவுக்கு வா. மூடியை உன் கையால மாட்டு. தெருமுனை வரைக்கும் என்னைப் பக்கத்து சீட்டுல வச்சு ஓட்டு, நான் காலை அழுத்தினா சிரிக்காதே. அப்புறம் வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு, நான் தடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கேக்கறதுக்கு எதுவும் இல்லைன்னா, "பாலை இறக்கிட்டீங்களா அத்தான்?"னு கேளு, அது போதும். அன்னைக்கு நெஜமாவே அடுப்புல பால் வச்சிருப்பேன்.