அத்தையைப் பாரிசுக்கு அனுப்பிய கதை

விசாரிக்காமல் உதவி செய்கிறவனைவிட, உதவியே செய்யாதவன் எவ்வளவோ மேல். இருபத்து மூன்று வயதில் இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் அத்தை ஒரு பகல் முழுக்கப் பாரிஸ் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர். அதனால் அத்தைக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட், விசா தொல்லை கிடையாது. ஒரே மகள் செல்விக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். பிரான்சுதான், சேன் தெனி என்றார் அத்தை. வீட்டில் ஆன்லைனில் டிக்கெட் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் (அந்தத் திமிர் வேறு). தேடிப் பார்த்தால், சேன் தெனி பாரிசை ஒட்டிய ஊர். வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டியிருக்கும் என்று செல்வி சொல்லியிருந்தாள். நானோ சென்னையிலிருந்து பத்து மணி நேரத்தில் நேராகப் பாரிசுக்கே போகும் விமானத்தைப் பிடித்துவிட்டேன். அங்கேயே இருப்பவளுக்குத் தெரியாத வழி! காலை எட்டரைக்கு இறங்குவார் என்று மட்டும் அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

பருத்திப் புடவையே போதும் என்று மகள் சொன்னாளாம். டிசம்பரில் பிரான்சில் பருத்தியா? என் ஸ்வெட்டரை வற்புறுத்திக் கைப்பையில் திணித்தேன். (அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம்.)

அத்தை இறங்கிய அன்று, நம்மூர் நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு போன் வந்தது.

"டேய் பிரபு, மாப்ள காலையிலேர்ந்து ஏர்போர்ட்டு வாசல்லதான் நிக்கிறாராம். நானும் வாசல்லதான் நிக்கிறேன். அவரு வேர்த்து ஊத்துதுங்கிறாரு. இங்க பனி கொட்டுது."

செல்வியைக் கூப்பிட்டேன். அவள் இருந்த சேன் தெனி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் தலைநகரம். அதுவும் பிரான்ஸ்தான். ஆனால் பாரிசிலிருந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினோரு மணி நேரம் பறக்க வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால் அதில் பாதித் தொலைவுதான். முழங்கால் வலிக்காரரைத் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வைத்திருந்தேன்.

அப்பா கத்தவில்லை. "மாஹே கேரளா பக்கம் கெடக்கு, ஏனாம் ஆந்திரா பக்கம் கெடக்கு. ரெண்டும் பாண்டிச்சேரிதான். இந்த ஊர்ல பொறந்தவனுக்கா இது தெரியல?" என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை அங்கிருந்தபடியே மாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டார். அத்தை நடுவானில் இருக்கும்போது பேரன் பிறந்துவிட்டான். அந்த நேரத்தில் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அவர் கிளம்பியதே. போய்ச் சேர்ந்து அவர் கூப்பிட்டபோது, மன்னிப்புக் கேட்க வாயெடுத்த எனக்கு அழுகைதான் வந்தது.

"விடுடா. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. நீ நல்லதுன்னு நெனச்சுதான பண்ண." கூடவே, "உன் ஸ்வெட்டரு கதகதன்னு இருந்துச்சு" என்றார்.

செல்வி மட்டும் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

போன வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை கிடைத்ததும் அத்தை வீடியோ காலில் வந்தார். பெண் வீட்டார் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மண்டபம் விழுப்புரம்னு போட்டிருக்கு. எந்த நாட்டு விழுப்புரம்டா?"

அவர்கள் விழித்தார்கள். அப்பா ஒன்று விடாமல் விளக்கினார். இப்போது உள்ளூரிலேயே இருக்கும் கோரிமேடு வரை போய்வருகிறேன் என்றால்கூட, எந்த நாடு என்று கேட்காமல் என் மனைவி வண்டிச் சாவியைத் தருவதில்லை.