குஷனின் ஏழாவது சீட்

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும் ஓடுகிற அத்தனை கெப் வாகனங்களிலும், ஆட்கள் இருப்பதற்காக அல்லாமல் ஆராய்ச்சி செய்வதற்காகவே சீட் வைத்திருந்தவன் குஷன் ஒருவன்தான். தன்னாமுனையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தான். பெற்றோர் வைத்த பெயரை அவனுடைய மனைவி கோபம் வந்தால் மட்டும் சொல்லுவாள். மற்ற எல்லோருக்கும் அவன் குஷன்.

அவனுடைய கெப்பில் பின்னால் சாமான் ஏற்றும் தட்டு, முன்னால் ஒரே நீளச் சீட். பள்ளிக்கூட வாங்கு என்று சொல்லலாம். ரெக்சீன் கிழிந்து, கம்பிச் சுருள் மூன்று இடத்தில் எட்டிப் பார்க்கும். மூன்றையும் எனக்குத் தெரியும். செங்கலடி வரை போனால் இடுப்பு முணுமுணுக்கும். மகா ஓயா தாண்டினால் இடுப்பு இருப்பதே தெரியாது. வேறொருவன் என்றால் புதுச் சீட் போட்டுக்கொண்டு தன் பாட்டில் ஓடியிருப்பான். குஷனால் அது முடியாது. அவனுக்கு எந்தச் சீட்டிலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க வராது. செத்தவீட்டுக்குப் போனாலும் பந்தலுக்குள் கதிரை மாறிக்கொண்டே இருப்பான். ஒருமுறை அழுகைக்கு நடுவில், பழைய வாத்தியார் என்பதால் ஊரே 'சேர்' என்று கூப்பிடும் என் காதருகே வந்து சொன்னான்:

"இந்தக் கதிரை எல்லாம் பின்னுக்கு ரெண்டு விரல் சரிவு கூட, சேர். அவர் குடுத்து வைச்சவர். படுத்திட்டார்."

முதலில் சீட்டுக்குள் வைக்கோல் அடைத்தான். ஏறாவூர் சந்தையில் கெப்பை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், ஒரு மாடு கண்ணாடி வழியாகத் தலையை விட்டுப் பாதிச் சீட்டைத் தின்றுவிட்டது. மாட்டை ஒருவரும் குறை சொல்லவில்லை. பிறகு உமி. பள்ளத்தில் விழும்போதெல்லாம் சீட் ஒரு மூச்சு விடும். இறங்குகிறவர்கள் நெல் ஆலையில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள்போல் இறங்குவார்கள். தேங்காய்த் தும்பு அடைத்தபோது எறும்பு வந்தது. லொறி டியூபில் காற்று அடித்து வைத்தபோது, ஒரு மாப்பிள்ளைத் தோழன் தலைப்பாகையோடு கூரையில் முட்டினான். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பினான். வண்டி நின்ற பிறகும் ஆட்கள் நிற்கவில்லை. அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டே காசு எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆறாவது சீட்டுக்காக வீட்டு மெத்தையை வெட்டினான். அவன் மனைவி ஒழுங்கைக்கே வந்து, பெயர் சொல்லி ஏசினாள். குஷனுக்கு விளங்கவில்லை.

"நான் என்ர பக்கத்தைத்தானே வெட்டின நான். உன்ர பக்கம் அப்பிடியேதான் கிடக்கு."

இந்த ஆறாவது சீட்டில்தான் என் மனைவியைக் கண்டிக்குக் கொண்டுபோனோம். முள்ளந்தண்டில் நரம்பு நெரிந்து இடது கால் இழுபடத் தொடங்கியிருந்தது. முதல் ஊசி போட்ட டொக்டர், இரண்டாவதைத் தவறாமல் சொன்ன திகதியில் போட வேண்டும், பிந்தினால் அந்தக் காலை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார். ஏசி வானில் ஏறினால் அவளுக்குக் குமட்டிச் சத்தி வரும். பஸ்ஸில் இருக்க முடியாது. கண்ணாடி திறந்த முன் சீட் வேண்டும்; அது குஷனிடம்தான் இருந்தது. ஆனால் அந்த மெத்தைச் சீட்டோ உயரம். அவள் கால் நிலத்தில் படாமல் முழு வழியும் தொங்கியது. வீடு வந்து இறங்கியவள் ஒரே சொல்லாகச் சொன்னாள்:

"இனி நான் வர மாட்டன். நடக்காமலே இரிக்கிறன்."

படிப்பித்த காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். திகதி நெருங்குவதை என்னால் எண்ணாமல் இருக்க முடியாது. முற்றத்துக்கும் வாசல் படலைக்கும் நடந்தேன். செய்தி கேட்டுக் குஷன் வந்தான். எங்கள் வீட்டுக் கதிரை ஐந்திலும் இருந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அக்கா, எந்த இடத்தில பிடிக்கிது?"

"உன்ர சீட்டிலதான் தம்பி."

அவன் சிரிக்கவில்லை. அவ்வளவு கவலையோடு அவனை நான் பார்த்ததில்லை. "ஒருக்கா மட்டும் வாங்க அக்கா. இதுவும் சரியில்லாட்டி கெப்பை வாவிக்குள்ள தள்ளுறன்" என்றான். அதைப் பார்ப்பதற்காகவே வருகிறேன் என்று அவள் சம்மதித்தாள்.

ஊசித் திகதியன்று விடிய வந்தான். மெத்தையைக் காணவில்லை. சாயும் இடத்தில் ஒரு கோணிச்சாக்கு, அவன் உடுக்கும் பழைய சாரத்தால் சுற்றியிருந்தது. அவள் சாய்ந்தாள். முகம் மாறியது.

"என்ன தம்பி இது, சூடாக் கிடக்கு?"

"அதுதான் ஏழாவது சீட். கேக்காதீங்க, சாயுங்க."

நான் நடுவில், கியர்த் தடியை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவன் கியர் மாற்றும்போதெல்லாம் நான் இடம் விட வேண்டும். ஈரத் தவிட்டு மணம் ஒன்று அடித்தது. என்னவென்று கேட்க வாயெடுத்தபோது, பக்கத்தில் குறட்டை கேட்டது. மாதக்கணக்காகக் கட்டிலிலேயே ஒழுங்காக உறங்காதவள், பள்ளமும் மேடுமான வழியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

மகா ஓயா தாண்டியதும் குஷனின் போன் அடித்தது. கிரானில் வயல் செய்கிற அவனுடைய மச்சான். போன் உரத்துப் பேசுகிற ரகம்.

"டேய், முளை ஒரு சாக்குக் குறையிது. எங்கடா?"

அப்போதுதான் எனக்கு அந்த மணம் விளங்கியது. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூடிவைத்தால், உள்ளே சூடேறி முளை வரும். முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்து வயலில் வீசிவிட வேண்டும். பிந்தினால் வேர் ஒன்றோடொன்று பின்னி, வீசுவதற்கு உதவாது. முதல்நாள் மச்சானின் சாக்குகளைக் கிரான் வயல் வட்டைக்கு ஏற்றிப் போனவன் குஷன். பின்னால் இடம் போதாமல் ஒரு சாக்கைத் தன் முதுகோடு வைத்திருக்கிறான். அந்தச் சூட்டில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிரான் வரை அசையாமல் இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு அந்தச் சாக்கை இறக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சத்தம் போடாத மச்சான். உன்ர முளையில அக்கா சாய்ஞ்சிரிக்கா."

"எந்த அக்கா?"

"எங்கட சேர்ட மனிசி. இப்பதான் கண்ணயர்ந்தவ."

"எழுப்பி எடுத்திட்டு வாடா. வயல்ல தண்ணி வடிச்சாச்சு, விதைக்க ஆள் நிக்குது. இனி இந்த வட்டையில ஒருத்தனும் உன்னை ஏத்துக்குக் கூப்பிட மாட்டான், பாத்துக்கொள்."

குஷன் கெப்பை ஓரமாக நிறுத்தினான். விதைப்புக் காலத்தில் சாக்கு ஏற்றிப் போகிற கூலிதான் அவனுடைய அரை வருடச் சோறு. திரும்பினால் எங்கள் திகதி போய்விடும். வண்டி நின்றதில் அவள் விழித்தாள்.

"வந்திட்டமா தம்பி?"

"இல்ல அக்கா. படுங்க." பிறகு போனில், மெதுவாக: "ஒரு மூலை சும்மா கிடக்கட்டும் மச்சான். பின்னேரம் வந்து உன்னட்ட அடி வாங்கிறன்."

மலையேறும் பாதைக்குப் பதினெட்டு வளைவு என்றே பேர்; எண்ணினேன். எனக்குப் பத்தொன்பது வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் "அக்கா முழிச்சிட்டாவா?" என்று கேட்டால் எப்படி எண்ணுவது? கண்டியில் அவள் வாசலிலிருந்து டொக்டரின் அறை வரை என் கையை மட்டும் பிடித்து நடந்து போனாள். ஊசி போட்டாயிற்று.

பொழுது சாய ஊர் திரும்பினோம். மச்சான் எங்கள் படலையில் காவல் நின்றார். சாக்கைப் பிரித்தான் குஷன். முளையெல்லாம் பின்னி ஒரே பாளமாகக் கிடந்தது; நடுவில் என் மனைவியின் முதுகு அச்சாகப் பதிந்திருந்தது. அடிக்க வந்த மச்சான் குனிந்து பார்த்தார்.

"இதை என்னெண்டுடா வீசிற?"

"வீசிறேல்ல மச்சான். பிச்சு நடுறன்."

அடுத்த நாள் தனியாளாய்ச் சேற்றில் இறங்கிப் பிய்த்துப் பிய்த்து நட்டான். அந்த மூலைக்குப் பெயரே வந்துவிட்டது. மச்சான் வரம்பில் நின்று, "அக்காட முதுகில தண்ணி கூடிப் போச்சு, வெட்டி விடு" என்று கத்துவது பக்கத்து வயல்காரர்களுக்குப் பழகிப்போனது.

ஆனால் மச்சான் போனில் சொன்னது நடந்தது. அறுவடை வெட்டுக்கும் சரி, அடுத்த விதைப்புக்கும் சரி, வட்டையில் ஒருவரும் குஷனைக் கூப்பிடவில்லை. அவன் ஓமானுக்கு லொறி ஓட்டப் போய்விட்டான். கெப் அவன் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. சீட்டில் கோழி முட்டை இடுகிறது. கோழிக்காவது பிடித்திருக்கிறது.

போன கிழமை போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தான். "சேர், இஞ்ச சீட்டுக்குள்ளால காத்து வருகுது. பொத்தானை அமத்தினா முன்னுக்குப் போகுது, பின்னுக்குச் சரியுது. எனக்குச் செய்யிறதுக்கு ஒண்டுமில்ல. விசர் பிடிக்கிது. அக்காட முதுகு எப்பிடி?"

என் மனைவி அப்போதுதான் சந்தியிலிருந்து கைக்கு ஒரு பையாக மரக்கறி தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தாள். பைகளை வைத்துவிட்டுப் போனை என்னிடமிருந்து வாங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினாள்.

"எங்க தம்பி நல்லம்? ஒரு சீட்டும் பிடிக்குதில்ல. நீ வந்துதான் பாக்க வேணும்."

நீங்கள் வாசிக்கிற இந்தப் பத்திரிகையில் வரும் எழுத்துப் பிழைகளை வாராவாரம் எண்ணி அனுப்புகிறவன் நான். அவள் சொன்னதை மட்டும் திருத்தவில்லை.