மாமா பார்த்த பேய்ப் படம்

பேய்ப் படம் பார்த்துவிட்டு மாமனார் கண் கலங்கியதில்தான் சந்தேகம் ஆரம்பித்தது.

"அருமையான படம்மா," என்றார், டீ டம்ளரை மருமகளிடம் நீட்டியபடி. "அந்த நர்ஸ் பொண்ணு வெள்ளை உடுப்போட ராத்திரி பூரா நடையா நடக்குது. பகல்ல ஆளையே காணோம். சாப்பிட்டியான்னு கேக்கக்கூட ஒரு நாதியில்ல. உன்னைத்தான் நெனச்சுக்கிட்டேன்."

மருமகளுக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவாள். எழுந்ததும் மாமனார் டீயோடு உட்கார்ந்திருப்பார். பகலில் டிவியில் பார்த்த படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார். மாமியார் போன பிறகு வாயே திறக்காமல் கிடந்த மனிதரைப் பேச வைத்தது சினிமாதான். அவளுக்கும் அந்த வீட்டில் ஆகப் பிடித்த நேரம் அது.

அதனால் அவர் பேயை நர்ஸ் ஆக்கியதை ரசனை என்று விட்டுவிட்டாள். மறுநாள் கோர்ட்டுப் படம்.

"கறுப்புக் கோட்டு போட்ட ரெண்டு பேரும் அண்ணன் தம்பிங்க. ஆகாது. மேல உக்காந்திருக்கறது அப்பன். சுத்தியலால தட்டித் தட்டிப் பாக்குறான், பசங்க அடங்குறதாக் காணோம்."

"அவர் ஜட்ஜு மாமா."

"இருக்கட்டுமே. ஜட்ஜுக்குப் பிள்ளைங்க இருக்கக் கூடாதா?"

அந்தப் படத்தை அவள் தியேட்டரிலேயே பார்த்திருந்தாள். படம் முழுக்க வசனம். இடைவேளையில்தான் கொஞ்சம் அமைதி. அதில் ஒரு சொல்கூட இவர் காதில் விழவில்லை என்றால்?

"மாமாவுக்குக் காது போயிடுச்சு," என்றாள் கணவனிடம்.

"நம்மகூட உக்காந்து பாக்குறப்போ சரியாத்தானே சிரிக்கிறார்?"

"நீங்க சிரிக்கிறதப் பாத்துச் சிரிக்கிறார்."

"நீ பேசுனா பதில் சொல்றாரே?"

"உதட்டைப் பாக்குறார்."

கணவன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகியவன். ஆட்டினான்.

மாமனார் பேப்பர் படிக்கையில் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். தட்டு சுற்றிச் சுற்றி ஆடி, ஒருவழியாக ஓய்ந்தது. மாமனார் மிகுந்த நாகரிகத்தோடு பக்கத்தைப் புரட்டினார்.

"மாமா, இந்தப் பச்சைச் சட்டை உங்களுக்கு நல்லாவே இல்ல," என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தாள். அசைவில்லை. மறுநாளிலிருந்து பச்சைச் சட்டையைக் காணோம். சலவைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நேரடியாகச் சொன்னால் மனிதர் ஒடிந்துபோவார். அப்புறம் படமும் கிடையாது, பேச்சும் கிடையாது. எனவே, சொல்லாமல் கொள்ளாமல் சத்தமாகப் பேசுவது என்று முடிவாயிற்று.

"மாமா! டீயில! சக்கரை! போதுமா!"

மாமனார் அவளையே பார்த்தார். முகத்தில் சொல்ல முடியாத இரக்கம் படர்ந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "போதும்மா! ரொம்ப! நல்லாருக்கு!" என்று அவரும் கத்தினார்.

"பாத்தீங்களா? காது கேக்காதவங்கதான் இப்படிக் கத்துவாங்க."

"என்னது?" என்றான் கணவன்.

கீழ்வீட்டு டீச்சர் படியேறி வந்துவிட்டார்.

"வயசானவரும்மா. எதுவா இருந்தாலும் பொறுமையாப் பேசித் தீத்துக்கக் கூடாதா?"

"ஐயோ டீச்சர், சண்டையெல்லாம் இல்ல. சக்கரையைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"சக்கரைக்கா இவ்ளோ?" டீச்சர் பெருமூச்சு விட்டபடி இறங்கிப் போனார். சற்று நேரத்தில் அரைக் கிலோ சர்க்கரையோடு திரும்ப வந்தார்.

கணவன் ஒரு ஹெட்போன் வாங்கி வந்தான். மாமனார் ஆசையாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அது கழுத்தை விட்டு ஏறவே இல்லை.

"காதுல மாட்டினா வெளிச் சத்தம் கேக்காதேம்மா," என்றார்.

இப்போது மட்டும் என்ன கேட்கிறதாம்? அன்றைக்கே காது மிஷின் ஒன்றுக்கு ஆர்டர் போட்டாள். டிவிக்காரன் இலவசமாக அனுப்பியது என்று ஒரு பொய்யையும் தயார் செய்தாள். அது வரும் நாளில் லீவும் போட்டாள்.

அன்று காலை மாமனார் குளிக்கப் போயிருந்தார். கதவோரமாகவே காத்துக்கொண்டு நின்றதால்தான் அவளுக்குக் கேட்டது. யாரோ கதவை நகத்தால் சுரண்டினார்கள்.

திறந்தாள். நரைத்த மீசையோடு கூரியர்காரர், பார்சலைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு நின்றார். அழைப்பு மணி அவர் தோளுக்கு நேராகத்தான் இருந்தது.

"பார்சலா! குடுங்க!" என்றாள், பழக்கதோஷத்தில் வீடே அதிர.

கூரியர்காரர் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். அவர் அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்த விருந்தாளி என்று முடிவுகட்டிவிட்டார் போலும்.

"பெரியவர் எங்கம்மா?" என்று கிசுகிசுத்தார். "நான் படியேறுற சத்தத்துக்கே கதவைத் திறந்துட்டு நிப்பாரே."

"குளிக்கிறாரு! ஏன்!"

"அட, மெதுவாப் பேசுங்கம்மா! மருமகப் பொண்ணு நைட் டூட்டி முடிச்சுட்டு உள்ள தூங்குது. அது முழிச்சுக்கும்னு அந்த மனுசன் டிவியையே சத்தமில்லாமத்தான் பாக்குறாரு."